பானையின் கழுத்து

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

தாலி கட்டி முடிந்திருந்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன மண்டபத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் இருந்த பானைக்குள் கைவிட்டு மோதிரம் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் எடுப்பவர் பேச்சுதான் வீட்டில் செல்லும் என்று ஆளாளுக்கு உசுப்பேற்றினோம். பொண்ணு ரக்ஷனா என் அக்கா மகள். நான் மருதப்பன், அவளுக்குத் தாய்மாமன். துவாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்தப் பானையைச் செய்தவனும் நான்தான்.

அதைச் செய்த விதத்தைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

சாலையோரம் நிழலுக்கு நிற்கும் அங்சானா மரத்தின் உடம்பில் சில சமயம் ஒரு புடைப்பு கிளம்பும். ஆங்கிலத்தில் பர்ல் என்பார்கள், நான் மரமுண்டு என்பேன். மற்ற மரத்தில் ரேகை ஒரே திசையில் ஓடும். முண்டுக்குள் அது சுழன்று, முறுக்கி, எங்கே போகிறதென்று அதற்கே தெரியாமல் கிடக்கும். நடுநடுவே பொந்துகள் வேறு. ஆனால் அறுத்துத் தேய்த்தால் அதன் அழகுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. உட்லண்ட்ஸ் மரவாடி ஒன்றில் நல்ல தடிமனான இரண்டு பலகைகள் கிடைத்தன. என்னிடம் ஒரு ஸ்க்ரோல் சா இருக்கிறது. பார்க்கத் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல்போன்ற ரம்ப இழை மேலும் கீழும் ஓடும். அதன் மேசையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பலகையை வட்ட வட்டமாக அறுத்தால் வளையங்கள் கழன்று வரும். சாய்வாக அறுத்ததால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காரும். ஒட்டினால் தட்டைப் பலகை கிண்ணமாக எழுந்துவிடும். அப்படி இரண்டு கிண்ணங்கள் செய்து, ஒன்றின்மேல் ஒன்றை வாயோடு வாய் கவிழ்த்து ஒட்டினேன். மேலே இருந்ததன் அடியைத் திறந்து கழுத்தாக்கினேன். பானை ஆயிற்று.

அக்கா செல்லக்கண்ணுவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"முக்கு கடையில பித்தளைச் செம்பு வாங்குனா முடிஞ்சுது லா. உனக்கு ஏன்டா இந்த வேலை?"

"தாய்மாமன் சீரு. கடையில வாங்கிக் கொடுக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?" என்று வாயை அடைத்தேன்.

கழுத்து குறுகலாக இருந்தால்தான் சடங்கு களைகட்டும். நிச்சயதார்த்தத்தன்று இரண்டு பேர் கையையும் சேர்த்து நூலால் அளந்து, அந்த அளவுக்கே அறுத்தேன். அன்று ரக்ஷனா கையில் ஒன்றுமே இல்லை. கல்யாணத்தன்று அவள் கையில் கண்ணாடி வளையல் அடுக்கியிருப்பார்கள் என்று எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. வெளிப்புறம் எண்ணெய் பூசினேன்; உள்ளே பூசினால் எண்ணெய் தண்ணீரில் மிதக்குமென்று வெறும் மரமாகவே விட்டேன். ஒட்டியது சாதாரண வெள்ளைப் பசையால். கொஞ்ச நேரம்தானே தண்ணீர் நிற்கப் போகிறது என்பது என் கணக்கு.

அக்காவின் கணக்கு வேறு. சடங்குப் பானை வெறுமையாக மேடைக்கு வரக்கூடாதென்று விடியும்போதே மஞ்சள் நீரும் பாலும் தளும்ப ஊற்றி வைத்துவிட்டாள். அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் எதையும் சொல்லி வைக்கவில்லை. காலை முழுக்க அந்த மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. குடித்த மரம் வீங்கும். கழுத்து இறுகிப்போனது.

கைவிடும்போதே இருவரும் நெளிந்தார்கள். "அமுக்கு, அமுக்கு" என்று கூட்டம் கத்த, எப்படியோ மணிக்கட்டுவரை நுழைத்துவிட்டார்கள். ஆனால் மோதிரம் கிடைக்கவில்லை. துழாவினார்கள், இன்னும் துழாவினார்கள். "என்னப்பா, பானைக்கு அடியில சுரங்கமா?" என்று அத்தான் இராமசாமி கிண்டலடித்தார். ரக்ஷனா சிரித்துக்கொண்டே கையை வெடுக்கென்று திருப்பினாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம்தான்.

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை அகிலன் பதறிக் கையை இழுக்கப் போனான்.

"இழுக்காதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். "யாரும் தொடாதீங்க. வளையல் உடைஞ்சிருச்சு. கண்ணாடி எங்க ரெண்டு பேர் கைக்கும் நடுவுல மாட்டியிருக்கு. என் மணிக்கட்டுல குத்திக்கிட்டு நிக்குது."

பானையின் விளிம்பில் மஞ்சள் நீர் சிவந்து வந்தது.

ரக்ஷனா அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. கிழவர்களின் சுருங்கிய கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று அவளுடன் வேலை செய்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வலது கைதான் உள்ளே இருந்தது. நான் செய்த பானைக்குள்.

யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியா. சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மேடைக்குக் கீழே மாப்பிள்ளையின் அம்மா யாரிடமோ, "தாலி ஏறின கையோட வளையல் உடைஞ்சிருச்சே" என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாவை ஏதாவது கேட்டிருப்பேன். ரக்ஷனா கூப்பிட்டாள்.

"மாமா, கிட்ட வாங்க. கட்டைவிரல் மரத்துப் போச்சு. அவர் கை அசைஞ்சா கண்ணாடி இன்னும் உள்ள போகுது. அந்த இடத்துலதான் ரத்தக்குழாயும் விரல் நரம்பும் ஓடுது. வெயிட் பண்ண முடியாது மாமா."

"ஒரே போடு. மரம்தானே, பிளந்துரும்" என்று அத்தான் தேங்காய் உடைக்கும் அரிவாளோடு மேடை ஏறினார். பாவம், மகள் படும் பாட்டைப் பார்த்து நிற்க அவரால் முடியவில்லை.

நான் குறுக்கே விழுந்து அவர் கையைப் பிடித்தேன். "வேற மரம்னா ரேகையோட பிளக்கும் அத்தான். இது எங்க பிளக்கும்னு செஞ்ச எனக்கே தெரியாது. அடிக்கிற அடி அப்படியே கண்ணாடிக்குப் போகும்."

"அப்ப நீயே சொல்லுடா! நீ செஞ்ச வேலைதானே இது!" என்று அக்கா அலறினாள்.

அறுக்கத்தான் வேண்டும். மிஷின் உட்லண்ட்ஸில் என் வீட்டில் இருந்தது. ஆனால் மேடைப் பெயர்ப்பலகையைக் காலையில் பொருத்த வந்தபோது ஒரு கைரம்பத்தை வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வில் மாதிரி ஒரு சட்டம், அதில் பூட்டுகிற மெல்லிய இழை. ஓடிப்போய் எடுத்து வந்தேன். நல்ல இழை இரண்டுதான் இருந்தது.

முதலில் தண்ணீர் வெளியே போக வேண்டும், கைகளைக் கீழிருந்து பார்க்க வேண்டும். இரண்டு கிண்ணங்களும் சேர்ந்த வயிற்று ஒட்டில் ரம்பத்தை வைத்தேன்.

"அக்கா, மேல் பாதியக் கட்டிப் புடிச்சுக்கோ. இம்மி அசையக்கூடாது."

பட்டுப்புடவையோடு மண்டியிட்டுப் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என் முகத்துக்கு நேரே அவள் முகம். கண்ணில் அப்படியொரு கோபம். கை மட்டும் பாறையாக நின்றது. நாலைந்து இழுப்பு இழுத்ததுமே ஊறிப்போன பசை விட்டுக்கொடுத்தது. என் மட்டமான பசைக்கு நன்றி சொன்னேன். மெல்லத் திருக, கீழ்ப்பாதி என் கையோடு வந்தது. மஞ்சளும் பாலும் ரத்தமும் மேடைக் கம்பளத்தில் கொட்டின. மேல்பாதி இப்போது இரண்டு மணிக்கட்டுகளிலும் கவிழ்த்த குடைபோல மாட்டிக்கொண்டு நின்றது.

போன் வெளிச்சத்தில் கீழிருந்து எட்டிப் பார்த்தேன். ரக்ஷனாவின் நான்கு விரல் வெளிறி, கட்டைவிரல் ஊதா நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைக்கும் இடையில் பச்சைக் கண்ணாடி ஒன்று. அதன் கூர்முனை தெரியவில்லை.

கழுத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் ஒரு கை பக்கவாட்டில் நழுவி வெளியே வரும். பிறகு இன்னொன்றுக்குத் தானாகவே இடம் கிடைக்கும். ஆனால் எந்தப் பக்கம்? ரக்ஷனா பக்கம் அறுத்தால் ரம்பம் அவள் கையை ஒட்டி ஓட வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டான் அகிலன்.

இந்த அகிலனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பேசினால் காதைக் கொண்டுபோய் வாயருகே வைக்க வேண்டும். அப்படி ஒரு மெதுவான பேச்சு. இவன் எப்படி என் பெண்ணை வைத்துக் காப்பாற்றுவான் என்று அக்காவிடம் கேட்டே விட்டிருக்கிறேன்.

"என் பக்கம் அறுங்க மாமா" என்றான், அதே மெதுவான குரலில்.

"தம்பி, இழை உடைஞ்சு துள்ளும். உங்க கை கிழியும்."

"கிழிஞ்சா தையல் போட்டுக்கலாம். அவ கை அசையக்கூடாது. அறுங்க."

அத்தான் பஸ்ஸுக்கு வைத்திருந்த ஈஸி லிங்க் பிளாஸ்டிக் அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் பட்டையாக நறுக்கி, அகிலனின் மணிக்கட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் கொஞ்சங்கொஞ்சமாகச் செருகினேன். ரம்ப இழையைச் சட்டத்திலிருந்து கழற்றி, அட்டைக்கும் மரத்துக்கும் இடையில் கீழிருந்து மேலே விட்டு, சட்டத்தைத் திரும்பப் பூட்டினேன். பல் வெளியே பார்க்க, முதுகு அவன் கையைப் பார்க்க. உள்ளே துளை போட்டு அறுக்கிற வேலையில் எப்போதும் செய்வதுதான் இது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரம்பம் கையை விட்டு விலகிப் போகும். முதல் இழுப்புகளைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம்.

முதல் இழுப்புக்கு அகிலன் கண்ணை மூடிக்கொண்டான். ரக்ஷனா மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்சானா முண்டு லேசில் அறுபடாது. மெத்தென்று போகும், திடீரென்று கல்போல எதிர்க்கும், அப்புறம் இழையைத் தன் போக்குக்கு இழுக்கும். மிஷினில் இதே மரத்தை ரசித்து ரசித்து அறுத்தவன் நான். அன்று அதன் ஒவ்வொரு சுழியையும் சபித்தேன். கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, திறந்த விளிம்புவரை ஒரு வெட்டு முடிந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அக்கா தன் முந்தானையால் என் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, சுண்டுவிரலும் போகுது" என்றாள் ரக்ஷனா.

இரண்டு விரல்கடை தள்ளி இரண்டாவது வெட்டைத் தொடங்கினேன். பாதி வழியில் இழை 'டப்' என்று அறுந்தது. துள்ளிய முனை அட்டையைத் தாண்டி அகிலனின் மணிக்கட்டைக் கீறியது. ரத்தக்கோடு ஒன்று ஓடியது. அவன் உடம்பு முழுக்க ஒருமுறை இறுகியது. கை மட்டும் அசையவில்லை. அசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

கடைசி இழையைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் மேடை ஏறினார்கள். ஒரு மலாய்ப் பெண் குனிந்து பார்த்தாள். ரக்ஷனா ஆங்கிலத்தில் நிலைமையை மடமடவென்று சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, ரக்ஷனாவின் முழங்கையைத் தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, "கோ ஆன் அங்கிள், ஸ்லோலி" என்றாள். அவள் கை பட்டதில் எனக்கும் கொஞ்சம் திடம் வந்தது. இழையைப் பூட்டினேன்.

மெல்ல அறுத்தேன். அவ்வளவு மெல்ல நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

துண்டு கழன்று என் மடியில் விழுந்தது. அகிலன் கையை மேலே இழுக்காமல், நான் சொன்னபடி பக்கவாட்டில் நழுவவிட்டு வெளியே எடுத்தான். கண்ணாடியின் மேலிருந்த அழுத்தம் போனது. மிச்சப் பானையை அக்கா ரக்ஷனாவின் கையிலிருந்து அதே திறப்பு வழியே விலக்கி எடுத்தாள். அப்போதுதான் கண்ணாடி எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது என்று பார்த்தோம். அத்தான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடுக்காதீங்க, அப்படியே கட்டுங்க" என்று ரக்ஷனாவே சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். "மாமா, கட்டைவிரல் வரல. அசைன்னு சொல்றேன், வர மாட்டேங்குது."

கூறைப்புடவையோடு அவளைத் தூக்கிப் போனார்கள். அகிலன் மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கூடவே ஓடினான். மேடையில் நானும் உடைந்த பானையும் மிஞ்சினோம். அதை ஓங்கி ஓர் உதை விடலாம் என்று கீழ்ப்பாதியைத் திருப்பினேன். உள்ளே ஒரு பொந்தில் மோதிரம் பளபளத்தது. அழகாக இருக்கிறதென்று நான் அடைக்காமல் விட்ட பொந்து. அதற்குள் போய் விழுந்த மோதிரத்தைத் தேடித்தான் அந்தப் பிள்ளைகள் கையை அவ்வளவு ஆழத்துக்கு விட்டிருக்கிறார்கள். மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் வெளியே வந்து, ரத்தக்குழாய் தப்பிவிட்டது, தசைநாரும் அறுபடவில்லை, விரல் நரம்புதான் நசுங்கியிருக்கிறது என்றார். "கட்டைவிரல்ல உணர்ச்சியும் அசைவும் திரும்பிடும்னு நம்புறோம். எப்பன்னு சொல்ல முடியாது." நம்புகிறோம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள்.

உள்ளே போனோம். நெற்றிச்சுட்டியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தாள் ரக்ஷனா. மணிக்கட்டில் பெரிய கட்டு, வெளியே ஐந்து விரல். நான்கு விரலை அசைத்துக் காட்டினாள். ஐந்தாவது கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் இல்லாமல் ஊசி பிடிக்க முடியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பையிலிருந்து மோதிரத்தை எடுத்து நீட்டினேன். "பொந்துக்குள்ள இருந்துச்சும்மா."

மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வளையலைப் பற்றி முணுமுணுத்தவர் அவர்தான். இப்போது என்ன சகுனம் சொல்லப் போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் மேசையிலிருந்த ஒரு காலி எவர்சில்வர் தட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மோதிரத்தை அதில் போட்டார்.

"சடங்கு பாதியில நிக்குது. முடிச்சிருவோம். அகிலா, வா, உக்காரு."

"இப்பவா சம்பந்தியம்மா?" என்று எகிறினேன்.

"இப்பத்தான் அண்ணே" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "எடும்மா. வலது கையாலதான்."

ரக்ஷனா மாமியாரைப் பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட கையைத் தட்டில் வைத்தாள். எதிரில் அகிலன் தன் கையை வைத்தான். அவன் மணிக்கட்டிலும் ஒரு கட்டு.

"விட்டுக் கொடுக்காதீங்க" என்றாள் அவனிடம். "நெசமா விளையாடுங்க."

அவன் நிஜமாகவே விளையாடினான். அவள் ஆள்காட்டி விரலால் மோதிரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிடிக்கக் கட்டைவிரல் வரவில்லை. மோதிரம் நழுவித் தட்டில் உருண்டது. அகிலனின் விரல் அதன்மேல் விழுந்தது. அவள் தட்டிவிட்டாள். மறுபடி இழுத்தாள், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை மோதிரத்தைத் தட்டின் விளிம்போடு சேர்த்து அழுத்தி நிறுத்திக்கொண்டு, கட்டைவிரலைப் பார்த்து, பிள்ளையை அதட்டுகிற மாதிரி, "வா" என்றாள்.

அது நடுங்கியது. ஒரு நெல் அளவு நகர்ந்தது. நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, வந்து மோதிரத்தைத் தொட்டது. அவள் தூக்கினாள்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தோற்றுப்போன மாப்பிள்ளை சத்தம்போட்டுச் சிரித்தான். அவனுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

"மாமா, இங்க வாங்க, கையை நீட்டுங்க" என்றாள் ரக்ஷனா.

நீட்டினேன். மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் தன் கட்டைவிரலை ஊன்றினாள்.

"தெரியுதா?"

தெரிந்தது. மோதிரத்தின் விளிம்பு என் கையில் பதியும்படி அழுத்தினாள். எனக்கு வலித்தது. இன்னும் அழுத்தும்மா என்றேன்.